காலியாசின் முடுக்கில் பச்சை விளக்கு

முதல் வகுப்புக்கே பாதிப் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அன்றைக்கு ஓதம் பெரிது. வடக்கு செமாராங்கில் கடல் தெருவுக்குள் வருவது அதிசயம் இல்லை. வாடகை கேட்க வருகிற வீட்டுக்காரன் மாதிரி, அது பாட்டுக்கு வரும், நிற்கும், போகும்.

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியபடி ரத்ரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கணினிப் பொறியியல் முதலாண்டு. பாடத்தின் பெயர் ‘தொழில் அறிமுகம்’. நடத்துபவர் ஹந்தோயோ. பூப்போட்ட பாத்திக் சட்டையை எப்போதும் மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். எந்த மாணவன் சாப்பிடாமல் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எல்லோரும் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்.

“கணினிப் பொறியாளர்னா யாரு? சொல்லுங்க பாப்போம்” என்றார்.

“ஜகார்த்தால ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு, செருப்போட ஆபீஸ் வந்தாலும் யாரும் திட்டாத ஆளு சார்” என்றான் பன்ஜி. வகுப்பு சிரித்தது.

“நீ இன்னிக்கே செருப்பில்லாமதான் வந்திருக்க. பாதிப் பொறியாளர் ஆயிட்ட.” அவரும் சிரித்தார். பிறகு ரத்ரியைக் காட்டினார். “நீ சொல்லும்மா.”

ரத்ரி எழுந்தாள். யோசித்தாள். “தெரியல சார்.”

“அதான் கூடாது. பொறியாளர் வாய்ல அந்த வார்த்தையே வரக்கூடாது. முன்னால நிக்கறவரு கேட்டா ஏதாவது ஒரு பதிலச் சொல்லு. தெரியலன்னு மட்டும் சொல்லாதே.”

ரத்ரி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் வகுப்பில் வாத்தியார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்கிற வயசு.

அந்தப் பாடத்தில் பாதி பேச்சு, பாதி வேலை. ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் பயன்படுகிற கருவி ஒன்றைச் செய்து, அங்கேயே கொண்டுபோய் மாட்ட வேண்டும். ரத்ரிக்கும் பன்ஜிக்கும் கிடைத்தது காலியாசின் முடுக்கு. வாய்க்கால் கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில், மீனைப் புகைபோட்டு விற்கிறவர்கள் வாழும் சந்து. அங்கே தெரு வருஷா வருஷம் உயரும், வீடு உயராது. மண் போட்டுத் தெருவை மேடாக்க மேடாக்க, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசல்படியில் ஏற வேண்டாம், இறங்க வேண்டும். அதுவும் குனிந்துகொண்டு. ஓதம் வாய்க்கால் விளிம்பைத் தாண்டினால் தண்ணீர் வீட்டுக்குள் பாய்வதில்லை, கொட்டும்.

அவர்கள் செய்தது ஒரு விளக்குக் கம்பம். வாய்க்காலில் தண்ணீரின் உயரத்தை அளக்க ஒரு சென்சார். முடுக்கின் நடுவில், எல்லா வாசலுக்கும் தெரிகிற மாதிரி மூன்று விளக்கு. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் சாமான்களை மேலே ஏற்று. சிவப்பு என்றால் கிளம்பு. யோசனை ரத்ரியுடையது, வேலையும் அவளுடையது. கம்பத்தை நட்டது பன்ஜி.

“எம் பேர மட்டும் எழுத்துப் பிழையில்லாம எழுது, போதும்” என்றான். “மத்தபடி நான் குழி வெட்டற பொறியாளர்.”

வாய்க்காலுக்கு மிக அருகில் இருந்தது மர்சியாவின் வீடு. சூரை மீனையும் கெளிறையும் தேங்காய்ச் சிரட்டைப் புகையில் வாட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். கணவன் காஸ்தி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தாழ்வான கட்டிலில் படுத்தே கிடப்பான். மர்சியாவுக்கு அதுவரை ஒரு முறை இருந்தது. வாய்க்கால் சுவரில் மேலிருந்து மூன்றாவது செங்கல்லைத் தண்ணீர் தொட்டுவிட்டால், கணவனை மீன் வண்டியில் தூக்கிப் போட்டு, மேட்டுத் தெருவில் இருக்கும் நாத்தனார் துமினாவின் வீட்டில் விட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள். சந்தேகமாக இருந்தாலும் கொண்டுபோவாள். துமினா முனகுவாள். “ஒரு சொட்டுத் தண்ணி வரல. எங்கண்ணன மீன் மாதிரி வண்டில போட்டு ஊர்வலம் விடறா” என்று தெருவே கேட்கச் சொல்வாள்.

கம்பம் நட்ட அன்று மர்சியா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“இது பொய் சொல்லாதே?”

“சொல்லாதும்மா. தண்ணி எவ்ளோன்னு அதுக்கே தெரியாமப் போச்சுன்னா மூணு விளக்கும் ஒண்ணா கண்ணடிக்கும். கண்ணடிச்சா, ‘என்ன நம்பாத, நீயே போய்ப் பாரு’ன்னு அர்த்தம்.”

மர்சியா சிரித்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரரும் கண்ணடிச்சுத்தான் என்னக் கட்டினாரு. அப்பவே யாராச்சும் இந்த அர்த்தத்தச் சொல்லிருக்கலாமில்ல?”

உள்ளே கட்டிலில் இருந்து காஸ்தி கோணிய வாயால் என்னவோ சொன்னான். அவளுக்கு மட்டும் புரிந்தது. “வாய மூடுய்யா, புள்ளைங்க இருக்குது” என்றாள்.

டீன் பார்வையிட வருகிற நாள் வந்தது. முடுக்கின் வாயில் வரவேற்புத் துணி கட்டியிருந்தார்கள். நாற்காலிகளுக்கு உறை போட்டிருந்தார்கள். ஹந்தோயோ முன்கூட்டியே வந்து கம்பத்தைப் பார்த்தார். மூன்று விளக்கும் சேர்ந்து கண்ணடித்துக்கொண்டிருந்தன.

“என்னம்மா இது? டாங்டுட் பாட்டுக் கச்சேரி மேடையா?”

ரத்ரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். “சென்சார உப்பு தின்னுடுச்சு சார். வேற வாங்கி மாட்ட நாளைக்கு ஆயிடும். விளக்கு சரியாத்தான் சொல்லுது. தெரியலன்னு சொல்லுது.”

“டீன் வராரு. தெரியலன்னு சொல்ற விளக்கையா அவருக்குக் காட்டுவ?”

“பொய் இல்லையே சார்.”

“யாரு பொய் சொல்லச் சொன்னா? தண்ணி இப்ப எங்க இருக்கு? அடில கெடக்கு. அப்பப் பச்சை எரிஞ்சா அது உண்மைதானே? அவரு போறவரைக்கும் பச்சை எரியட்டும். அப்புறம் உன் இஷ்டம்.”

‘மேலே இருக்கிறவர் மனசு குளிர்ந்தால் சரி’ என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு உண்டு. கேலியாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு அதன்படியே நடப்பார்கள். பாலம் கட்டுகிறவன் முதல் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிக்கிறவன்வரை, பார்வையிட வருகிறவர் நிற்கிற இடத்திலிருந்து எது தெரியுமோ அதை மட்டும் அழகாகச் செய்துவிடுவார்கள்.

ரத்ரி மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மாற்றினாள். அளவு வராவிட்டால் எல்லா விளக்கையும் மினுக்கு என்று இருந்தது. அளவு வராவிட்டால் தண்ணீர் தாழ்வாக இருப்பதாக எடுத்துக்கொள் என்று ஆனது. கம்பம் அடங்கியது. பச்சை மட்டும் நிதானமாக எரிந்தது.

டீன் வந்தார், அண்ணாந்து பார்த்தார், கைதட்டினார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மர்சியா வாட்டிய மீனைத் தேங்காய்ப்பால் குழம்பில் போட்டுக் கொடுத்தாள். “இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்” என்று டீன் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்.

மறுநாள் ரத்ரி சொன்னபடியே புதுச் சென்சார் வாங்கி மாட்டினாள். விளக்கு ஒழுங்காக வேலை செய்தது. தண்ணீர் ஏறினால் மஞ்சள், வடிந்தால் பச்சை. அந்த வரியை மாற்ற வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“ஓடற வண்டியோட எஞ்சினப் பிரிக்காதேம்பாரு எங்கப்பா” என்றான் பன்ஜி. “பரீட்சை முடியட்டும்.”

பரீட்சை வந்தது, முடிந்தது. வேலை செய்கிற ஒன்றைத் திறந்து பார்க்க யாருக்கும் கை வராது. ரத்ரிக்கும் வரவில்லை.

இதற்கிடையில் காலியாசின் விளக்குக்குப் பழகிவிட்டது. இரண்டு தடவை மஞ்சள் எரிந்தது. இரண்டு தடவையும் தண்ணீர் வந்தது. முடுக்கில் வாய்க்காலை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். மூன்றாவது செங்கல்லில் பாசி படிந்தது. துமினாவுக்கும் நிம்மதி. “பச்சை எரியறப்ப எதுக்கு அண்ணி அண்ணன இழுத்துக்கிட்டு வர? வீட்ல கெடக்கட்டும்” என்றாள்.

மேற்குப் பருவக்காற்று அடித்த ஒரு காலை. மர்சியா மீனைக் கூடையில் அடுக்கிவிட்டு வாசலில் ஏறி நின்று அண்ணாந்தாள். பச்சை. கணவனுக்குத் தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனாள். கடற்காற்றும் மழையும் ஓதமும் ஒன்றாகச் சேர்ந்தன. மதியத்துக்குள் வாய்க்கால் விளிம்பைத் தாண்டியது.

செய்தி வகுப்புக்கு வந்தபோது பன்ஜியின் முகத்தில் கேலி இல்லை. இருவரும் போனபோது தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் யாரும் சாக மாட்டார்கள். நிற்க முடிந்தவர்கள் சாக மாட்டார்கள். காஸ்தி கட்டிலிலிருந்து எழப் பார்த்திருக்கிறான். விழுந்திருக்கிறான். குனிந்து நுழைகிற அந்த வாசலுக்கு அப்பாலிருந்து அவன் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

முடுக்கு முழுக்கத் தண்ணீர் நிற்க, அதன்மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேட்டுத் தெருவுக்கு ஓடிய அவசரத்தில் யாரும் அதை அண்ணாந்து பார்த்திருக்கவில்லை. ரத்ரி வாய்க்கால் சுவரைத் தடவிச் சென்சாரின் கம்பியை மேலே இழுத்தாள். முனை உப்பில் ஊறி, தொட்டதும் உதிர்ந்தது. புதுச் சென்சார் எப்போதோ செத்துவிட்டிருக்கிறது. எப்போது என்று விளக்கு யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவள்தான் அதற்குச் சொல்லிவைத்திருந்தாள்.

துமினாவின் வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மர்சியா மட்டும் தனியாக, சுவரோரம்.

“மீன் விக்கற அவசரம் அவளுக்கு” என்று துமினா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். “மஞ்சள் எரிஞ்சிருக்கும். பாத்துட்டும் போயிருப்பா. மீன் கெட்டுப்போயிடும், எங்கண்ணன் கெட்டாப் போவாரு?”

ரத்ரி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மர்சியா அவள் கையைப் பிடித்து, மெல்லக் கேட்டாள். “பச்சையாத்தாம்மா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் போனேன். இல்ல, மஞ்சளத்தான் பச்சையாப் பாத்தேனா? இத்தன வருஷமா புகைல நின்னு கண்ணு கெட்டுப்போச்சோ? நீ சொல்லு. உன் விளக்குதானே அது.”

ரத்ரி சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். துமினா பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்ரி வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கை அவள் கையிலேயே இருந்தது. புகை வாசனை அடிக்கும், தோல் தடித்த கை.

ஹந்தோயோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் தேநீர் கொடுத்தார். அவள் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீ வேணும்னு செய்யல. நானும் வேணும்னு சொல்லல. போன உயிரு வரப்போறதில்ல. தர மதிப்பீட்டுக் குழு அடுத்த வாரம் வருது. துறையே உன் ஒரு வார்த்தைல நிக்குது.”

“அந்தம்மா தன் மேல பழி போட்டுக்கறாங்க சார்.”

“ஜனங்க எதுக்கும் யார் மேலயாச்சும் பழி போடுவாங்க. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க. உன் உதவித்தொகைக்கு வருஷா வருஷம் நான்தான் கையெழுத்துப் போடணும். உங்கப்பா கப்பல் பட்டறைல இரும்பு பத்த வெக்கறவரு. யோசிச்சுப் பாரு. யாராச்சும் கேட்டா, ஏதாவது ஒரு பதில் சொல்லு.”

அவர் குரலில் மிரட்டல் இல்லை, அக்கறை இருந்தது. அதுதான் ரத்ரியைப் பயமுறுத்தியது.

துக்கம் விசாரிக்கப் பல்கலைக்கழகமே வந்தது. முடுக்கின் பொதுக்கூடத்தில் அரிசி, எண்ணெய், நூடுல்ஸ் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. டீன் முன் வரிசையில். முதலாண்டு மாணவர்கள் கறுப்பு வெள்ளை உடையில் பின்னால். மர்சியா பெண்களின் கடைசி வரிசையில். அவளுக்கு இரு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

ஹந்தோயோ ஒலிபெருக்கியைப் பிடித்தார். இறந்தவருக்காகப் பிரார்த்தனை சொன்னார். பிறகு, “எங்க மாணவர்கள் வெச்ச கருவி தன் கடமையச் செஞ்சுது” என்றார். “கருவி என்னதான் சொன்னாலும், கேக்கற ஒழுங்கு நம்மகிட்ட இருக்கணும். இனிமேலாவது விளக்கைக் கவனிப்போம்.”

தலைகள் திரும்பி மர்சியாவைப் பார்த்தன. அவள் முக்காட்டை இழுத்து முகத்தின்மேல் விட்டுக்கொண்டாள்.

ரத்ரி எழுந்தாள். பன்ஜி அவள் உடுப்பைப் பிடித்து இழுத்தான். “ஒக்காரு. பைத்தியமா உனக்கு?” அவள் கூடத்தைவிட்டு வெளியே நடந்தாள். வாய்க்கால் சுவரில் சாய்ந்து சென்சாரைக் கம்பியோடு பிய்த்து எடுத்தாள். திரும்பி வந்து, மேடைக்குப் போகாமல், கூடத்து நடுவில் நின்று கையை உயர்த்தினாள்.

“தண்ணிய அளக்கறது இது. இது இப்ப என் கைல இருக்கு. வாய்க்கால்ல ஒண்ணும் இல்ல. வெளிய விளக்கப் பாருங்க.”

ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். பச்சை எரிந்தது.

“ரத்ரி, ஒக்காரும்மா” என்றார் ஹந்தோயோ.

“கடல் இந்தக் கூடத்துக் கூரை வரைக்கும் வந்தாலும் அது பச்சையாத்தான் எரியும். அப்படித்தான் நான் எழுதி வெச்சிருக்கேன். டீன் வந்த அன்னிக்கு, அவரு பாக்கறதுக்காக. அப்புறம் மாத்தல.” மர்சியாவின் பக்கம் திரும்பினாள். “உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறில்லம்மா. நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அது பச்சையாத்தான் இருந்துச்சு.”

டீன் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்சியா எழுந்து வந்தாள். ரத்ரி அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மர்சியா அந்தச் சென்சாரை வாங்கி, சின்ன மீனைப் பார்ப்பது போல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“விளக்கு இல்லாதப்ப நான் வாய்க்காலப் பாத்தேன்” என்றாள். “நீ விளக்கு வெச்ச. நான் வாய்க்காலப் பாக்கறத விட்டுட்டேன். நீ ஒண்ணுமே வெக்காம இருந்திருந்தா எம் புருஷன் இப்ப என்னத் திட்டிக்கிட்டு இருப்பாரு.”

சென்சாரை ரத்ரியின் கையில் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மன்னிப்பதாக எதுவும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. அப்புறம் துமினா நகர்ந்து வந்து, காலியாகக் கிடந்த இடத்தில், அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நீதி ஜெயித்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கம்பத்தைக் குடியிருப்புக்காரர்களே பிடுங்கிப் போட்டார்கள். மாணவியின் கவனக்குறைவு என்று துறை முடிவு செய்தது. அது பொய்யும் அல்ல. ஹந்தோயோ வேலையில் தொடர்ந்தார். ரத்ரியின் உதவித்தொகை நின்றது. பிற்பகலில் ஒரு நகல் எடுக்கும் கடையில் நின்று கட்டணத்தைச் சம்பாதித்தாள். ‘தொழில் அறிமுகம்’ பாடத்தில் அவளுக்குத் தோல்வி. அடுத்த ஆண்டு, புதிதாக வந்த பிள்ளைகளோடு அதே வகுப்பில், அதே மூன்றாவது வரிசையில் மறுபடி உட்கார்ந்தாள்.

அன்றும் ஓதம். அன்றும் பாதிப் பேர் கையில் செருப்பு.

“கணினிப் பொறியாளர்னா யாரு?” என்று ஹந்தோயோ கேட்டார். சட்டையின் மடிப்பு கலையவில்லை. ஆனால் முன்போல் சிரிக்கவில்லை.

“நல்ல சம்பளம் சார்” என்றது ஒரு குரல். “சிங்கப்பூர் சார்” என்றது இன்னொன்று. மூலையில் இருந்த ஒருத்தி பயந்துகொண்டே எழுந்து, “எனக்குத் தெரியல சார்” என்றாள்.

ஹந்தோயோ வாயைத் திறந்தார். அடுத்த வாக்கியம் என்ன என்று ரத்ரிக்குத் தெரியும். அவர் கண் மூன்றாவது வரிசையில் வந்து நின்றது. வாக்கியம் வரவில்லை. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார்.

“நீ சொல்லும்மா” என்றார் ரத்ரியிடம். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா, தெரியாது.

ரத்ரி எழுந்தாள்.

“இந்தப் பொண்ணு சொன்னதுதான் சார் சரியான பதில். நாம செஞ்சு வெக்கற ஒண்ண நம்பி, முகம் தெரியாத யாரோ ஒருத்தர் வீட்ட விட்டுக் கிளம்பிப் போவாங்க. அவங்களுக்கு நாம கடன்பட்டிருக்கோம்; பாராட்ட வரவங்களுக்கு இல்ல. மேல இருக்கறவர் மனசு குளிரணும்னு பச்சை விளக்கு போடறவன் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் பொறியாளன் கெடையாது. தெரியாதப்ப தெரியலன்னு சொல்றவனும், தான் செஞ்ச கருவியையும் அப்படிச் சொல்ல வெக்கறவனும்தான் பொறியாளன். நான் அதக் கத்துக்கறதுக்கு ஒரு மனுஷன் சாக வேண்டியிருந்துச்சு. நீங்க இங்கயே, இந்தப் பெஞ்சுலயே கத்துக்குங்க.”